தண்ணீர்த்தொட்டி வளைவு

கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு திமிர் உண்டு. எனக்கும் உண்டு. அந்தத் திமிரோடுதான் ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தேனிக்குள் நுழைந்தேன். நுழைந்த பத்தாவது நிமிடம் லாரிக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் வெயில் அடிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டுகிற மழையின் மிச்சத்தைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் தெளிக்கிறது. எங்கள் ஊரிலும் சாரல் உண்டு, முகத்தைத் துடைப்பதற்குள் நின்றுவிடும். இங்கே அது சட்டை, செருப்பு, பை எல்லாவற்றிலும் குடியேறிவிடுகிறது. மூன்று நாளும் என் துணி காயவே இல்லை.

நான் போனது கார் பந்தயத்துக்கு. பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஐம்பது வயதாகிறது. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் இது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை தாழ்ந்த, சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய வண்டி அது. அதற்கு உயிர் கொடுத்தவன் சுருளிவேல். என் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக மெக்கானிக். சொந்த ஊர் சின்னமனூர். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தது, கார் கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே குழாய்க் கூண்டு அடித்தது, எல்லாம் அவன் கை. ஓட்டியது மட்டும் நான்.

அதனால்தான் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ஒரு வாரக்கடைசிப் போட்டி என்று தெரிந்ததும் அவனிடம் நானாகவே சொன்னேன்: சனிக்கிழமைப் போட்டி எனக்கு, ஞாயிற்றுக்கிழமைப் போட்டி உனக்கு. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவாண்ணே?" என்று கேட்டான். நிஜமாகத்தான் என்றேன். இது முக்கியம். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானேதான் வாயைக் கொடுத்தேன்.

வருகிற வழியில், வத்தலக்குண்டு தாண்டியதும், லாரியில் கார்மேல் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு போய் ஒரு தென்னந்தோப்பில் விழுந்தது. போகும்போது காரின் வைப்பர் கட்டையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தார்ப்பாயைத் தோப்புக்காரர் மடித்து வைத்திருந்து கொடுத்தார். வைப்பரை அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. சாரலில் பந்தயம் ஓட்டப்போகிறவன் வைப்பரைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சுருளியின் அக்கா வீட்டில் சாப்பாடு. கௌமாரி என்று பெயர். வீரபாண்டி அம்மனின் பெயர். அந்தப் பக்கம் பத்து வீட்டில் ஒரு வீட்டில் அந்தப் பெயர் இருக்கும்போல. அவள் கணவர் பால்பாண்டி ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார். நாட்டுக்கோழிக் குழம்பு, காரம் என்றால் அப்படி ஒரு காரம். எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய் மன்னித்துவிடும். இங்கே மன்னிப்பே கிடையாது. நான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன், அவள் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, நாயித்துக்கெழம இவன்தான் ஓட்டுறானாம்ல?" என்றாள். "எங்க மாமியா வீட்டுல இத்தன நாளா என்ன சொல்லிக் காட்டுனாக தெரியுமா? ஒந் தம்பி கோயமுத்தூர்ல கார் கழுவுறான்னு சொன்னாக. எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். வந்து கண்ணால பாக்கட்டும்."

"ஏக்கா, சும்மா இருக்கா" என்றான் சுருளி. காது வரைக்கும் சிரிப்பு.

"ஞாயித்துக்கிழமை உங்க தம்பிதானுங்க அம்மணி" என்று நானும் சொன்னேன். சாட்சிக்கு ஒரு கோழியே இலையில் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் வைப்பர் தேடிக் கம்பத்துக்குப் பஸ் ஏறினோம். மலைமேல் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் தாளைத் தலையோடு சேர்த்துக் கட்டிய பெண்கள், மடியில் தூக்குச்சட்டி. ஒரு ஜீப்பில் பதினான்கு பேரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண வெட்கமாக இருந்தது. பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜீப் டிரைவரிடம் சுருளி விஷயத்தைச் சொன்னான். அந்த ஆள் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பழைய வைப்பர் கட்டையை எடுத்து நீட்டினார். ஒரு முழ நீளம்கூட இல்லை, எங்கள் கார்க் கண்ணாடிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. பணம் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு பக்கத்து ஜீப்காரரிடம் மலையாளத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என்ன சொன்னார் என்று சுருளியிடம் கேட்டேன்.

"இவுக மழையில வண்டி ஓட்டுறதுக்குக் கப்பு குடுப்பாகளாம், நமக்கு டீயே நாமதான் வாங்கணும்னு சொல்றாருண்ணே."

அந்த ஜீப்பின் பின் டயரைக் குனிந்து பார்த்தேன். வழுக்கை. அந்த டயரில், அத்தனை உயிரோடு, அந்த மலை வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறார். எனக்கு ஹெல்மெட், தீப்பிடிக்காத சட்டை, உடம்பை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுகிற பெல்ட். சிரித்தது நியாயம்தான்.

பந்தயம் நடந்த இடம் உண்மையில் பந்தய மைதானம் இல்லை. யாரோ வீட்டுமனை போட்டு, அலங்கார வளைவு கட்டி, தெருவெல்லாம் தார் போட்டு, ஒரு மனையும் விற்காமல் கிடக்கிற இடம். தெரு ஓரமெல்லாம் மஞ்சள் பூசிய மனைக் கற்கள். நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத உயரமான தண்ணீர்த்தொட்டி. அந்தத் தெருக்களில் ஆரஞ்சு நிற கோன்களை வைத்துப் பாதை பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு காராகப் புறப்பட வேண்டும், குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறவர் ஜெயித்தவர். நடத்தியவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், எல்லோருக்கும் பி.டி. சார். கழுத்தில் இன்னும் விசில். வேர்க்கடலை விற்கிறவர்களைக்கூட விசில் ஊதித்தான் நகர்த்தினார்.

ஓட்டுவதற்கு முன்னால் சுருளி குடை பிடித்துக்கொண்டு பாதை முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வந்தான்.

"தொட்டி வளைவுதாண்ணே மோசம். மேட்டுலருந்து செம்மண்ணு கரைஞ்சு வருது. ரெண்டாவது கல்லுக்கு முன்னாடியே பிரேக்க மிதிச்சிரணும். மூணாவது கல்லுன்னா வண்டி நம்ம பேச்சக் கேக்காது."

இரண்டாவது கல்லுக்கு முன்னாலேயே மிதித்தேன். கார் கேட்டது. ஜீப்காரரின் வைப்பர் கிறீச்கிறீச்சென்று துடைத்தது. ஈரத் தாரில் பின்பக்கம் லேசாக நழுவும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துக் காரைத் திரும்பப் பிடிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மூன்று முறை ஓட்டினேன். அரை விநாடியில் முதலிடம் போய்விட்டது. ஜெயித்தவர் போடியில் பல் டாக்டர். முப்பது வயதிருக்கும், பளபளவென்று வெள்ளைக் கார். எனக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அதை இடுப்பில் வைத்துக்கொள்வதா, தலையில் வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றபோது டாக்டர் வந்து கைகொடுத்தார்.

"இந்த வயசுல இது பெரிய விசயம் சார்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். எனக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சாயங்காலம் முழுவதும் சுருளி நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து, சூடு பண்ணிய கத்தியால் டயர்களில் தண்ணீர் வடிய வாய்க்கால் கீறிக்கொண்டிருந்தான். நாலு டயரும் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுத்த நாள் அவன் ஓட்டுவதற்கான டயர்கள் அவை. நான் குடத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஞாயிறு காலை சாரல் கனத்துவிட்டது. மேகமலை என்று ஒன்று அங்கே இருந்ததற்கே அடையாளம் இல்லை. சுருளி டயர் மாற்றிக்கொண்டிருந்தான். பெயர் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பி.டி. சாரின் மேசைக்குப் போனேன். யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான். யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், ராத்திரி முழுவதும் யோசித்துத்தான் செய்தேன்.

திரும்பி வந்து, "மழை பலமா இருக்குது கண்ணு. உனக்கு மொதத் தடவை. இன்னிக்கு நானே ஓட்டிர்றேன். அடுத்த போட்டி உனக்குத்தான்" என்றேன்.

சுருளி கையில் இருந்த போல்ட்டை இறுக்கி முடித்தான். அடுத்ததையும் இறுக்கினான்.

"சரிண்ணே" என்றான்.

சண்டை போட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். இப்படித்தான் இன்றைக்கு வரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன்.

பத்து மணிக்கு ஒரு குட்டி யானை வண்டியில் கௌமாரி வீட்டார் வந்து இறங்கினார்கள். மாமியார், நாத்தனார்கள், பிள்ளைகள், எல்லோரும் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். கையில் நான்கடுக்குத் தூக்கு. பால்பாண்டி மார்போடு அணைத்து ஒரு பெரிய பூசணிக்காய் வைத்திருந்தார். புது வண்டி, புது வீடு, எதுவானாலும் அங்கே திருஷ்டி கழிக்காமல் நகராது. கௌமாரி அதில் துளை போட்டுக் குங்குமமும் காசும் உள்ளே வைத்து, மேலே சூடம் ஏற்றி, சுருளியைக் காருக்கு முன்னால் நிற்கச் சொன்னாள். அவன் நகரவில்லை.

"அண்ணன்தான்க்கா ஓட்டுறாரு."

அவள் என்னைப் பார்த்தாள். மாமியார் வேறு பக்கம் பார்த்தார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவள்.

"அதனால என்ன, அண்ணே நீங்களும் வந்து நில்லுங்க. ஏலே, நீயும் நில்லு. வண்டி நீ செஞ்சதுதானே" என்று சொல்லி இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி மூன்று சுற்று சுற்றினாள்.

தொடக்கக் கோட்டில் உடைக்கப் போனபோது பி.டி. சாரின் விசில் பறந்தது. "இங்கன ஒடைக்காதீக தாயி, வழுக்கும்!" சரி என்று அவள் முச்சந்தி தேடினாள். திருஷ்டி கழித்தது முச்சந்தியில்தான் சேர வேண்டும் என்பது வழக்கம். காத்திருக்கும் கார்கள் நிற்கிற தெரு பாதையோடு வந்து சேரும் இடம், தொட்டி வளைவைத் தாண்டியதும், ஒரு முச்சந்திதான். அங்கே போய் உடைத்துவிட்டார்கள். இது அவர்களுக்குத் தப்பாகவே தோன்றவில்லை. ஆனாலும் பால்பாண்டி பொறுப்பான மனிதர். சதையையும் விதையையும் ஒன்று விடாமல் அள்ளி ஓரத்தில் போட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தோளில் இருந்த துண்டால் துடைத்தும் விட்டார். ஊற்றிய குடம் நான் ஜெயித்த குடம்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குங்குமக் கறை மட்டும்தான் மிச்சம்.

பல் டாக்டர் எனக்கு முன்னால் ஓட்டினார். நல்ல நேரம்.

நான் புறப்பட்டேன். முதல் இரண்டு வளைவும் சுத்தம். தொட்டி வளைவுக்கு முன்னால் நேர்த்தெருவில் முழு வேகம். முதல் கல் போயிற்று. இரண்டாவது கல் போயிற்று. தெரிந்தேதான் போகவிட்டேன். சுருளி சொன்னது காதில் விழுந்தது, கூடவே இந்த வயசில் என்று டாக்டர் சொன்னதும் விழுந்தது. மூன்றாவது கல்லில் மிதித்தேன். கார் என் பேச்சைக் கேட்கவில்லை. செம்மண் குழம்பில் முன்சக்கரம் வழுக்கியது, இடதுபுறம் ஒரு கோன் டப்பென்று அடிபட்டது, அதற்குப் பிறகுதான் கார் சுழல ஆரம்பித்தது. சுழன்றுகொண்டே முச்சந்தியைக் கடந்தது. ஒரு மனைக்கல், அடுத்து இன்னொரு மனைக்கல். எஞ்சினுக்கு அடியில் ஏதோ கிழிந்த சத்தம் கேட்டது. பிறகு வைப்பர் சத்தம் மட்டும்.

வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. வேறு காயம் இல்லை. காரின் முன்பக்கம் என்று ஒன்று இல்லை. எண்ணெய் சாரலில் கலந்து வானவில்லாக ஓடியது.

கூட்டம் ஓடி வந்தது. அதற்குள்ளேயே யாரோ சொல்லிவிட்டார்கள்: "பூசணிக்காய்ல ஏத்திட்டாரு!" "அங்கனதான ஒடைச்சாக!" ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். பி.டி. சார் ரிப்போர்ட் அட்டையோடு வந்து குனிந்தார்.

"என்ன சார் ஆச்சு? பூசணிக்காயா?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். டாக்டர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாங்க. அங்க வழுக்கிருச்சு" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மைக்கில் அறிவித்தும் விட்டார், இனிமேல் யாரும் உள்ளே பூசணிக்காய் கொண்டுவரக் கூடாது, பாருங்கள் ஒரு மனுசனுக்கு என்ன ஆகிவிட்டது என்று. எல்லாத் தலையும் கௌமாரி பக்கம் திரும்பியது. மாமியார் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. கௌமாரி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பால்பாண்டி, "நல்லாத்தான தொடைச்சேன்... நல்லாத்தான தொடைச்சேன்" என்று அந்தத் துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் பந்தய இடத்துக்குத் திரும்பி வந்தபோது மதியம் மூன்று மணி. அவர்கள் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். கௌமாரி நான்கடுக்குத் தூக்கைத் திறந்தாள். கறிச் சோறு. வலது கையை நான் அசைக்க முடியாததால் அவளே பிசைந்து தட்டில் வைத்து, கரண்டி கொடுத்தாள்.

"தெரியாமச் செஞ்சுட்டேண்ணே. ஒங்களுக்கு நல்லது நடக்கணும்னுதாண்ணே செஞ்சேன்" என்றாள்.

நான் சாப்பிட்டேன். நல்ல பசி. இதையும் எழுதிவிட வேண்டும்.

சுருளி சாப்பிட வரவில்லை. தூரத்தில் தொட்டி வளைவில் தனியாக நடந்துகொண்டிருந்தான். மூன்றாவது கல்லிலிருந்து அடி வைத்து அளந்தான். நசுங்கிய கோன் கிடந்த இடத்தில் நின்றான். அங்கிருந்து குங்குமக் கறை வரைக்கும் மறுபடி அளந்தான். கறையைத் தொடுவதற்குப் பதினைந்து அடி முன்னாலேயே கார் சுழன்றுவிட்டது, எனக்கே தெரியும். கோனைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கு எதிரே தரையில் வைத்துவிட்டு, காரை லாரியில் ஏற்றச் சங்கிலி கட்டப் போனான். நான் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டோம். கௌமாரி ஒரு கூடை பன்னீர்த் திராட்சை கொண்டுவந்து லாரியில் வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"வீரபாண்டியில நேந்துக்கிட்டேண்ணே. ஒங்க கை கூடி வரணும், அடுத்த சித்திரத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்னு."

"அதெல்லாம் எதுக்குங்க அம்மணி, வேண்டாங்க" என்றேன்.

"என்னால வந்ததுதானேண்ணே."

சுருளி எஞ்சினைக் கிளப்பினான். சொல்வதென்றால் அதுதான் நேரம். கட்டுப் போட்ட கையை ஆட்டி விடைபெற்றேன். திராட்சை வழியிலேயே கனிந்து வாசம் வீச ஆரம்பித்துவிட்டது.

ஆவணி கடைசியில் கை கூடிவிட்டது. கார் கூடவில்லை. காயலான் கடைக்குப் போட்டேன். சுருளி பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். அண்ணே என்றுதான் கூப்பிட்டான். போட்டிகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சித்திரையில் ஒரு வாரம் லீவு கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீரபாண்டியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மஞ்சள் சேலை, வெறுங்கால், வேப்பிலையை அடியில் கொடுத்துச் சட்டியை இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறாள் கௌமாரி. தீ அவள் முகத்துக்கு நேராக ஆடுகிறது. கூட்டத்தில் பால்பாண்டி தண்ணீர் தெளித்துக்கொண்டே பின்னால் வருகிறார். முழுதாகப் பார்க்க முடியாமல் போன் செய்தேன்.

"அக்கா கை?"

"லேசாக் கொப்புளிச்சிருச்சுண்ணே. அம்மன் ஏத்துக்கிட்டான்னு சந்தோசமா இருக்கா."

"சுருளி, நீ அவகிட்ட சொல்லிருக்கலாமே."



"சொன்னேண்ணே, போன மாசம். கோன் கெடந்த எடம், கல்லு, எல்லாஞ் சொன்னேன். நம்ப மாட்டேங்கிறா. அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லைங்கிறா. ஓட்டக் குடுக்காத கோவத்துல நாந்தான் பொய் சொல்றேன்னு எங்கூட ரெண்டு வாரம் பேசல. இந்தா, அக்காவே இருக்கா."

போன் கை மாறியது. கௌமாரிக்கு மூச்சு வாங்கியது, நடந்த களைப்பு.

"அண்ணே, கை எப்படியிருக்கு? முன்ன மாதிரி பிடிமானம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க அம்மணி" என்றேன்.